கார்ப்பெட்டுக்கு அடியில் ஒரு மாஸ்டர்

காரைக் கண்டுபிடித்தவர் கார்ல் பென்ஸ். அதை நிறுத்த வேண்டிய அவசியத்தைக் கண்டுபிடித்தவர் அவர் மனைவி.

1888 ஆகஸ்டில் ஒரு விடியற்காலை. புருஷன் எழுந்திருப்பதற்குள் பெர்த்தா பென்ஸ் இரண்டு பையன்களை ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்குக் காரிலேயே கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். அதுவரை அந்த வண்டி இவ்வளவு தொலைவு போனதே இல்லை. பட்டறையைச் சுற்றி வந்து அக்கம்பக்கத்துக் குதிரைகளை மிரட்டியதோடு சரி. எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக்கில் ஒரு மருந்துக் கடையில் லிக்ரோயின் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தும் ஊசியால் சுத்தம் செய்தார். மேடு வந்தால் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கத்தில்தான் வம்பு. மரக்கட்டை பிரேக் தேய்ந்துகொண்டே வந்தது. பெர்த்தா வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைப் பிடித்து, கட்டையின் மேல் தோல் வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். உலகின் முதல் பிரேக் லைனிங் அப்படிச் செருப்புக் கடையில் பிறந்தது. தைத்தவர் பெயர் எந்தக் காப்புரிமையிலும் இல்லை.

அன்றிலிருந்து கார்க்காரர்களின் குணம் மாறவில்லை. எஞ்சினுக்கு முன்வாசல், பிரேக்குக்குக் கொல்லைப்புறம். வேகத்துக்குக் கோப்பை கொடுப்பார்கள். நின்றதற்கு யார் கொடுத்தார்கள்?

ஹென்றி ஃபோர்டின் மாடல் டி 1908இல் வந்து, 1927 வரை 1.5 கோடி விற்றது. அதில் மூன்று பெடல். இடது பெடல் கியர், நடுப் பெடல் ரிவர்ஸ், வலது பெடல் பிரேக். அந்தப் பிரேக்கும் சக்கரத்தைப் பிடிக்காது; கியர்பாக்ஸுக்குள் ஒரு பட்டையை இறுக்கும், அவ்வளவுதான். பட்டை தேய்ந்துபோனால் அனுபவசாலிகள் ரிவர்ஸ் பெடலை மிதிப்பார்கள். முன்னால் போகும் வண்டிக்குப் பின்னால் போகும்படி உத்தரவு கொடுத்தால் அது குழம்பி நின்றுவிடும் என்பது தத்துவம். பெரும்பாலும் நின்றது.

நிஜமான தீர்வு அதற்கு 100 வருடம் முன்பே லண்டனில் ஒரு கக்கூஸ்காரரிடம் இருந்தது. ஜோசப் பிராமா என்ற அந்த ஆசாமி 1778இல் தண்ணீர் விட்டுக் கழுவும் கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கியவர். பிறகு பூட்டு செய்தார். திறந்து காட்டுபவருக்கு 200 கினி பரிசு என்று பிக்கடில்லி கடை ஜன்னலில் அறிவிப்பு வைத்தார். 1851 வரை ஒருவராலும் திறக்க முடியவில்லை. அதற்குள் பிராமா போய்ச் சேர்ந்துவிட்டார். இடையே 1795இல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கும் காப்புரிமை. மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் போகும் என்று பாஸ்கல் ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டுச் செத்திருந்தார். பிராமா அதை இரும்பில் செய்து பார்த்தார். ஒழுகியது. சிறிய ஒழுகல் இல்லை. அழுத்தம் ஏற ஏறப் பிஸ்டனைச் சுற்றித் தண்ணீர் பீய்ச்சியது.

ஒழுகலை நிறுத்தியவர் அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே என்ற இளைஞர் என்று சொல்வார்கள். கிண்ணம் மாதிரி மடித்த தோல் வளையம் ஒன்றைப் பிஸ்டனோடு சேர்த்தார். உள்ளே அழுத்தம் கூடினால் கிண்ணத்தின் விளிம்பு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். எதிரி எவ்வளவு பலமாகத் தள்ளுகிறானோ கதவு அவ்வளவு இறுக்கமாக மூடிக்கொள்ளும். இன்று எந்தப் பழைய காரிலும், பெடலை மிதிப்பதை எண்ணெய் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தாலும் உள்ளே உட்கார்ந்திருக்கும் ரப்பர் கப் இந்தத் தோல் கிண்ணத்தின் வாரிசுதான். மாட்ஸ்லேவுக்குச் சம்பளம் வாரத்துக்கு 30 ஷில்லிங். குழந்தை குட்டி ஆகிவிட்டது, கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று கேட்டார். முதலாளி முடியாது என்றார். மாட்ஸ்லே வெளியே போய்ச் சொந்தப் பட்டறை போட்டு, இங்கிலாந்தின் இயந்திரத் தொழிலுக்கே ஆசானாகிவிட்டார். இன்கிரிமென்ட் கொடுக்காததால் வந்த நஷ்டங்களைப் பட்டியல் போட்டால் இதை முதலில் வைக்கலாம்.

இத்தனை இருந்தும் இதைக் காரில் வைக்க வெகு காலம் ஆயிற்று. நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் விமானக்காரர் ஒருவர். கலிஃபோர்னியாவில் ஆலன், மால்கம் என்று இரண்டு சகோதரர்கள். 1913இல் நீரில் இறங்கும் விமானம் ஒன்றைச் செய்து, 1915 சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் தலைக்கு 10 டாலர் வாங்கிக்கொண்டு ஜனங்களை ஆகாயத்தில் சுற்றிக் காட்டினார்கள். தம்பி ஆலன் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்க, அண்ணன் மால்கம் தரையைப் பார்த்தார். 1917இல் ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கிக்கொண்டு டெட்ராய்ட் போய்ச் சேர்ந்தார். குடும்பப் பெயர் லாக்ஹீட். அதே பெயரில் தம்பி பக்கம் போர் விமானம் வந்தது. அண்ணன் பக்கம், பழைய கார் வைத்திருப்பவர்கள் வணங்கி வாங்கும் பிரேக் உதிரிபாகத்தின் சின்ன அட்டைப்பெட்டி வந்தது.

1921 ஜூலையில் பிரான்சின் லெமானில் கிராண்ட் ப்ரீ பந்தயம். டூசன்பெர்க் என்ற அமெரிக்க வண்டி நாலு சக்கரத்திலும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. குழாயில் ஓடியது கிளிசரினும் தண்ணீரும். ஓட்டியவர் ஜிம்மி மர்ஃபி. பயிற்சியின்போது வண்டி கவிழ்ந்து விலா எலும்பு உடைந்து, மார்பைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ரோடெல்லாம் பெயர்ந்து கல் பறந்தது. மற்றவர்கள் வளைவுக்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்தார்கள். மர்ஃபி நேரே வந்து கடைசி நிமிஷத்தில் மிதித்தார். ஜெயித்தார். அமெரிக்க வண்டியில் அமெரிக்கர் ஒருவர் மறுபடி இப்படிப்பட்ட கிராண்ட் ப்ரீ ஜெயிக்க 1967 ஆயிற்று.

நாலு சக்கரத்திலும் பிரேக் வைத்தால் உலகம் சந்தோஷப்பட்டிருக்க வேண்டுமல்லவா? பயந்துவிட்டது. திடீரென்று நின்றால் வண்டி குட்டிக்கரணம் போடும், சறுக்கும், ஆபத்து என்று பின் சக்கர பிரேக்கை மட்டும் விற்றுக்கொண்டிருந்த நிறுவனங்கள் காசு செலவழித்து எச்சரித்தன. இங்கிலாந்தில் இன்னும் அழகு. நாலு சக்கர பிரேக் உள்ள வண்டியின் பின்னால் சிவப்பு முக்கோணம் ஒன்றை மாட்டிவிட்டார்கள். இந்த வண்டி நிற்கும், ஜாக்கிரதை என்று அர்த்தம். நிற்காத வண்டிக்கு எச்சரிக்கைப் பலகை எதுவும் இல்லை. அதுதான் சகஜமான வண்டி.

1924இல் வால்டர் கிறைஸ்லர் தன் முதல் காரிலேயே ஹைட்ராலிக் பிரேக் வைத்தார். ஆரம்பத்தில் தோல் கிண்ணம் ஒழுகியது. அவருடைய ஆட்கள் ரப்பருக்கு மாற்றினார்கள். 1928இல் மலிவான பிளிமத்திலும் அது வந்துவிட்டது. ஹென்றி ஃபோர்டு மட்டும் அசையவில்லை. எண்ணெயை நம்பி உயிரைக் கொடுப்பதா? பெடலிலிருந்து சக்கரம் வரைக்கும் எஃகுக் கம்பி, அதுதான் பாதுகாப்பு என்று விளம்பரமே கொடுத்தார். கம்பி பாதுகாப்புதான், ஒழுகாது. ஆனால் நாலு கம்பியும் ஒரே இழுப்பில் இருந்தால்தான் வண்டி நேராக நிற்கும். ஒன்று தளர்ந்தால் இடது பக்கச் சாக்கடை, இன்னொன்று தளர்ந்தால் வலது பக்கச் சாக்கடை. 1932இல் அவர் வி8 எஞ்சின் கொடுத்து வேகத்தைக் கூட்டினார். பிரேக் பழைய கம்பிதான். வங்கிக் கொள்ளையன் கிளைட் பாரோ 1934இல் ஃபோர்டுக்கு எழுதியதாகச் சொல்லப்படும் பாராட்டுக் கடிதம் ஒன்று உண்டு. வண்டியின் வேகத்தைப் புகழ்கிறது, கோளாறு இல்லாததைப் புகழ்கிறது. பிரேக்கைப் பற்றி மூச்சு இல்லை. அந்தத் தொழிலுக்கு அது தேவைப்படவில்லை போலும். ஃபோர்டு 1939 மாடலில்தான் இறங்கி வந்தார்.

ஐரோப்பாவிலும் ஒரு முரடர் இருந்தார்: எட்டோரே புகாட்டி. பிரேக் சரியில்லை என்று முறையிட்ட வாடிக்கையாளரிடம், நான் கார் செய்வது ஓடுவதற்கு, நிற்பதற்கு அல்ல என்றாராம். உண்மையோ கட்டுக்கதையோ, 1938 வரை அவர் கார்கள் கம்பியில்தான் நின்றன.

இந்தக் கூட்டத்தில் நியாயமாக நடந்துகொண்டவர் இங்கிலாந்தின் வில்லியம் மாரிஸ். ஆக்ஸ்ஃபோர்டில் சைக்கிள் ரிப்பேர் செய்து மேலே வந்தவர். பின்னாளில் நஃபீல்டு பிரபு. சைக்கிளில் வந்தவருக்கு பிரேக்கின் அருமை தெரியாதா? 1935இல் சின்ன மாரிஸ் எய்ட் காரிலேயே லாக்ஹீட் ஹைட்ராலிக் பிரேக் கொடுத்துவிட்டார். ஆனால் அவர் கம்பெனியில்தான் பிரேக்குக்கு மகா அவமானமும் நடந்தது. செய்தவர் அலெக் இஸிகோனிஸ்.

ஸ்மிர்னாவில் பிறந்து, லண்டனில் கணக்குப் பரீட்சையில் மூன்று முறை தோற்று, படம் வரைந்தே மேதை ஆனவர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் உட்கார்ந்து சின்னக் கார் ஒன்றை வரைந்தார். முன் சஸ்பென்ஷனுக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது; முறுக்கிக்கொடுக்கும் நீண்ட எஃகுத் தண்டு, அதாவது டார்ஷன் பார், சேஸிஸை ஒட்டியே பின்பக்கம் ஓடும். ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங். 14 அங்குல குட்டிச் சக்கரம். மாதிரி வண்டியைப் பார்த்த நஃபீல்டு பிரபு அதை வேகவைத்த முட்டை என்று திட்டினார். முட்டையை ஓடு உடைத்து வெந்நீரில் ஊற்றி வேகவைப்பார்களே, அந்தக் குழைந்த முட்டை. இஸிகோனிஸுக்கும் திருப்தியில்லை, வேறு காரணத்துக்காக: வண்டி ஒல்லியாகத் தெரிந்தது. உற்பத்திக்குப் போகிற நேரத்தில் மாதிரி வண்டியை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுக்கச் சொல்லி, இரண்டு பாதியையும் விலக்கி விலக்கி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் சேர்த்தார். பம்பர்களை ஏற்கெனவே அடித்து வைத்திருந்ததால் அவற்றையும் நடுவில் வெட்டி 4 அங்குலத் துண்டு வைத்து ஒட்டுப் போட்டார்கள். 1948 அக்டோபரில் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மாரிஸ் மைனர் வந்தது, வகிடு எடுத்த பானெட்டோடு.

அழகுக்காக 4 அங்குலம் கிடைத்தது. மாஸ்டர் சிலிண்டருக்கு அரை அங்குலம் கிடைக்கவில்லை.

அது எங்கே இருக்கிறது தெரியுமா? பானெட்டைத் திறந்து தேடாதீர்கள். ஓட்டுநர் கால் வைக்கும் இடத்துக்கு நேர் கீழே, தரைக்கு அடியில், சேஸிஸின் பெட்டி போன்ற இரும்புக் காலுக்குள் இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் நேர்த்தியான யோசனை. பெடல் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போகிறது. அது தள்ளுவதை அங்கேயே வைத்துவிட்டால் இடைத்தரகர் வேண்டாமே. இதில் இரண்டு தொல்லை. ஒன்று, பிரேக் ஆயில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் கார்ப்பெட்டைத் தூக்கி, தரையில் இருக்கும் மூடியைக் கழற்றி, உள்ளே குனிந்து பார்க்க வேண்டும். இங்கிலாந்து மழையில் நனைந்த அத்தனை ஷூக்களும் வந்து சேறு உதிர்க்கும் இடம் அது. ஆகவே ஒருவரும் பார்ப்பதில்லை. பார்த்தவர்கள் மூடியைத் திறக்கும்போது மண்ணையும் சேர்த்து உள்ளே போட்டார்கள்.

இரண்டாவது தொல்லைதான் புராணம். சிலிண்டரைச் சேஸிஸோடு பிடித்திருப்பவை இரண்டு நீள போல்ட். நட்டைக் கழற்றலாம், தடையில்லை. போல்ட்டை உருவ முயன்றால் பாதி வந்து எதிலோ முட்டி நிற்கும். எதிரே இருப்பது அந்த டார்ஷன் பார். தொழிற்சாலையில் முதலில் சிலிண்டர் மாட்டினார்கள், பிறகு தண்டைப் போட்டார்கள். ஒரு குறையும் தெரியவில்லை. சிலிண்டர் என்றைக்காவது கெட்டுப்போகும், மனிதன் ஒருவன் அதைக் கழற்றுவான் என்பது வரைபடத்தில் இல்லை. எனவே பிரேக்குக்கு ரப்பர் கப் மாற்ற வேண்டுமானால் காரின் முன் சஸ்பென்ஷனைப் பிரிக்க வேண்டும். அந்தத் தண்டோ வண்டியின் பாரத்தை முறுக்கில் தாங்கி நிற்பது. அடியில் ஜாக்கி கொடுத்துப் பாரத்தை இறக்காமல் கை வைத்தால் மனிதனைத் திருப்பி அடிக்கும்.

ரிப்பேர் புத்தகங்கள் இதையெல்லாம் இரண்டு வரியில் மரியாதையாகச் சொல்லிவிட்டு, பொருத்துவது கழற்றியதன் தலைகீழ் வரிசை என்று முடித்துக்கொள்ளும். பட்டறை ஆட்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். நெம்புகோல் வைத்துத் தண்டைக் கொஞ்சம் வளைத்துப் பிடித்து, அந்த இடைவெளியில் போல்ட்டை உருவுவது ஒரு சம்பிரதாயம். திரும்ப மாட்டும்போது போல்ட்டை எதிர்ப்பக்கத்திலிருந்து செருகி, அடுத்த முறை கழற்றப்போகிறவனுக்குப் புண்ணியம் செய்வது இன்னொன்று. இந்தச் சங்கடமே வேண்டாம் என்று சிலிண்டரின் எண்ணெய்க் கிண்ணத்தை மட்டும் குழாய் போட்டு எஞ்சின் பக்கம் கொண்டு போனவர்களும் உண்டு.

வெளியே எடுத்துப் பிரித்தால் ஏமாற்றமாக இருக்கும். ஊசி போடும் சிரிஞ்சின் வேலைதான்: ஒரு குழல், ஒரு பிஸ்டன், ரப்பர் கப், ஒரு ஸ்பிரிங். பிரேக் ஆயிலுக்குக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பழக்கம் உண்டு. ஈரம் குழலின் உள்சுவரில் துருப்பிடிக்க வைக்கும், துருக் குழி ரப்பர் கப்பின் உதட்டைக் கிழிக்கும். அப்புறம் சிக்னலில் காலை வைத்து அழுத்திக்கொண்டிருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கும். சில புத்திசாலிகள் பிரேக் ஆயில் இல்லையே என்று எஞ்சின் ஆயிலை ஊற்றுவார்கள். ரப்பர் ஊதிப் பெருத்துவிடும். நாலு சக்கரத்தின் கப்புகளையும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான்.

குழலில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை உண்டு. பெடலை விட்டதும் சூட்டில் விரிந்த எண்ணெய் அதன் வழியாக எண்ணெய்க் கிண்ணத்துக்குத் திரும்பும். புதுச் சிலிண்டர் மாட்டிய உற்சாகத்தில், பெடலில் துளியும் ஆட்டம் இல்லாமல் இறுக்கிவிட்டால் கப் அந்தத் துளையை மூடியே வைத்திருக்கும். ஒவ்வொரு மிதிக்கும் எண்ணெய் சூடாகி, திரும்ப வழியில்லாமல் பிரேக் ஷூக்களைத் தானே தள்ளும். சிறிது தூரம் போனதும் வண்டி கேட்காமலேயே நின்றுவிடும். ஹென்றி ஃபோர்டு இருந்திருந்தால் அப்போதே சொன்னேனே என்றிருப்பார்.

கடைசியில், குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுக்கும் சடங்கு. இதற்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் சக்கரத்துக்கு அடியில், ஒருவர் பெடல் மேல். மைனரின் முதல் வடிவத்தை 1950களின் தொடக்கத்தில் வங்காளத்தின் உத்தர்பாராவில் பேபி ஹிந்துஸ்தான் என்று செய்தார்கள். இலங்கையில் மைனர்கள் இன்னும் ஓடுகின்றன. ஆகவே இந்தச் சடங்கின் வசனத்துக்குத் தமிழ்ப் பாடமும் உண்டு.

“மிதி... மிதி... மிதி... பிடிச்சுக்கோ.”

“பிடிச்சிருக்கேண்ணே.”

“விடாத.”

“விடலண்ணே.”

“விட்டுட்டியேடா!”

விட்டால் வெளியே போன காற்று உள்ளே திரும்பிவிடும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இங்கிலாந்தில் பெடல் மிதித்தது பெரும்பாலும் மனைவிகள். அங்கே கடைசி வரியை அவர்கள்தான் சொல்லியிருப்பார்கள், கதவைச் சாத்திவிட்டு.

இத்தனைக்குப் பிறகும் எல்லாம் ஒரே சிலிண்டர், ஒரே எண்ணெய். எங்கேயாவது ஒரு குழாய் வெடித்தால் நாலு சக்கரமும் ஒன்றாகக் கைவிடும்; ஹேண்ட் பிரேக்கும் முருகனும்தான் துணை. பிரேக்கை இரண்டு பிரிவாகப் பிரித்தே தீர வேண்டும் என்று அமெரிக்க அரசு 1968 முதல் கட்டாயமாக்கியது. மைனர் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1960 டிசம்பரில் பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் பிரிட்டிஷ் கார் என்ற பெருமையோடு, வேகவைத்த முட்டை ஒற்றைச் சிலிண்டரோடேயே 1971 வரை தயாரானது. மொத்தம் சுமார் 16 லட்சம்.

வாங்கியவர்களில் விவரமானவர்கள் பிரிட்டிஷ் தபால் துறைக்காரர்கள். 1950களில் கடிதம் கொண்டுபோக மைனர் வேன்களை வாங்கியபோது, ஆரம்பத்தில் முன் மட்கார்டு இரண்டையும் தகரத்தில் வேண்டாம், ரப்பரில் செய்து கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார்கள். ரப்பரில் ஹெட்லைட்டைப் பதிக்க முடியாதென்று விளக்குகளைத் தனியாக மேலே தூக்கி வைத்தார்கள். பார்க்கத் தவளை முழிப்பதுபோல் இருந்தது. தபால்காரர்கள் நிம்மதியாக ஓட்டினார்கள்.